மாவு நெறஞ்சிருக்கு

உப்புமா கிண்டுவதற்கு நல்ல காரணம் ஒன்று இதுவரை எனக்குக் கிடைத்ததில்லை. மாவு தீர்ந்துபோனால் உப்புமா. கரண்ட் போய் கிரைண்டர் ஓடாவிட்டால் உப்புமா. எனக்கு உடம்புக்கு முடியாவிட்டால் உப்புமா. யாராவது ஆசைப்பட்டு, "இன்னைக்கு உப்புமா கிண்டேன்" என்று ஒரு நாள் கேட்டிருந்தால் அந்த நாளைச் சுவரில் எழுதி வைத்திருப்பேன். கேட்டதெல்லாம் ஒரே கேள்விதான். "உப்புமாவா?" அந்தக் கடைசி எழுத்தை என் மகன் இழுக்கிற இழுப்புக்குத் தேரே நகர்ந்துவிடும். கேட்டுவிட்டு உட்கார்ந்து இரண்டு தட்டு சாப்பிட்டுவிட்டுத்தான் போவான்.

கீரமங்கலத்துக்குப் பக்கத்தில் எங்களுக்குக் கொஞ்சம் பூக்கொல்லை இருக்கிறது. முல்லைதான் அதிகம். மொட்டு விரிவதற்குள் பறித்தாக வேண்டும் என்பதால் இருட்டிலேயே தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு நானும் என் வீட்டுக்காரரும் கொல்லையில் இறங்குவோம். வெளுத்ததும் அவர் பூவை வண்டியில் வைத்துக் கட்டிக்கொண்டு கமிஷன் கடைக்குப் போவார். நான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு அடுப்படிக்குப் போவேன். புதுக்கோட்டையில் ஒரு துணிக்கடையில் வேலை பார்க்கும் மகனுக்கு பஸ் வருவதற்குள் பலகாரம் தயாராக வேண்டும். இட்லியோ தோசையோ உப்புமாவோ, காலையில் சாப்பிடுவதை நாங்கள் பலகாரம் என்றுதான் சொல்வோம். கேட்கிறவர்களுக்கு வீட்டில் ஏதோ தீபாவளி நடப்பதாகத் தோன்றும்.

ரவையை வறுப்பது ஒன்றுதான் அதில் எனக்குப் பிடித்த வேலை. அந்த நேரத்தில் யாரும் என்னிடம் பேச மாட்டார்கள். பிறகு கடுகு, உளுத்தம்பருப்பு, வெங்காயம், பச்சை மிளகாய், இஞ்சி. தண்ணீர் கொதிக்கும்போது ஒரு கையால் ரவையைத் தூவி மறு கையால் கிண்ட வேண்டும். நடுவில் யாராவது "என் சட்டை எங்கிட்டு இருக்கு?" என்று கேட்டுத் திரும்பிப் பார்த்தால் கட்டி தட்டிவிடும். அப்புறம் அதற்கும் என்னைத்தான் சொல்வார்கள்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கு உண்டு. எந்தப் பண்டமும் 'இல்லை' என்று சொல்லக்கூடாது. தீர்ந்துபோச்சு, காலி என்றும் வாயில் வரக்கூடாது. 'நெறஞ்சிருக்கு' என்றுதான் சொல்ல வேண்டும். இல்லை என்று சொல்லச் சொல்ல இல்லாமலே போய்விடுமாம். அரிசி நெறஞ்சிருக்கு என்றால் அரிசி வாங்கி வர வேண்டும் என்று அர்த்தம். கேஸ் நெறஞ்சிருக்கு என்றால் சிலிண்டருக்குச் சொல்ல வேண்டும்.

நான் மணமேல்குடிப் பக்கத்திலிருந்து வாக்கப்பட்டு வந்தவள். கடலோரத்தில் மீன் இல்லையென்றால் இல்லை என்றுதான் சொல்வார்கள். கல்யாணமான புதிதில் ஒரு நாள் என் மாமியார், "மொளகாத்தூள் நெறஞ்சிருக்கு தாயி" என்றார். நிறைந்திருக்கிறதே, மகராசி வீடுதான் என்று நிம்மதியாகப் புளியைக் கரைத்துக் குழம்பைக் கூட்டிவிட்டு டப்பாவைத் திறந்தேன். உள்ளே கரண்டி மட்டும் கிடந்தது. அன்றைக்கு வைத்த குழம்பின் நிறத்தைச் சொல்லி என் வீட்டுக்காரர் இன்னமும் சிரிக்கிறார்.

மாமியார் போய்ச் சேர்ந்து வெகுநாள் ஆகிறது. சொல் மட்டும் போகவில்லை. என் பிள்ளைகள் இரண்டும் அதைத் தாய்ப்பாலோடு குடித்து வளர்ந்தவை. மகள் திருச்சியில் ஹாஸ்டலில் தங்கிப் படித்தபோது, பாத்ரூம் தொட்டியைப் பார்த்துவிட்டு வந்து "தண்ணி நெறஞ்சிருக்கு" என்று தோழிகளிடம் சொல்லியிருக்கிறாள். அவர்களும் நம்பிப் போய் முகமெல்லாம் சோப்பைப் போட்டுக்கொண்டு நின்றிருக்கிறார்கள். அதற்கப்புறம் ஹாஸ்டலில் அவள் எதைச் சொன்னாலும் இரண்டு தடவை கேட்டுக்கொள்வார்களாம்.

அந்த மகளைப் போன வருடம் விராலிமலைப் பக்கம் கட்டிக்கொடுத்தோம். மாப்பிள்ளை சிங்கப்பூரில் வேலை. கல்யாணத்துக்கு வந்தவர் லீவு முடிந்து திரும்பிப் போய்விட்டார். மகள் மாமனார் மாமியாரோடு இருக்கிறாள். அவர்களுக்கு மெயின் ரோட்டோரம் ஒரு டிபன் கடை. கடைக்குப் பின்னாலேயே வீடு. பெண் பார்க்க வந்த அன்றைக்கே நான் கேட்டேன், பி.காம் படித்த பிள்ளை, கடை வேலை எதுவும் இருக்குமா என்று. "எங்க வீட்டுக்கு வார பொண்ணு கடைப்பக்கமே வரவேண்டியதில்ல. மாஸ்டர் இருக்காரு" என்று சம்பந்தி எல்லோர் முன்னாலும் சொன்னார். அந்த ஒரு வார்த்தையில்தான் நான் தலையை ஆட்டினேன்.

தினமும் காலையில் நான் அடுப்படியில் நிற்கிற நேரத்துக்கு மகள் போன் பண்ணுவாள். போனை ஸ்பீக்கரில் போட்டு அஞ்சறைப்பெட்டிக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்துவிட்டு நான் வேலையைப் பார்ப்பேன். பேச்சில் ஒன்றும் இருக்காது. எழுந்தாயா, குளித்தாயா, மாப்பிள்ளை பேசினாரா, என்ன பலகாரம். ஒரு நாள் உப்புமா என்றாள். மறுநாளும் உப்புமா. அதற்கு மறுநாளும் உப்புமா. எங்கள் வீட்டில்கூட அப்படித் தொடர்ந்தாற்போல் கிண்டியதில்லை. என் மகன் வீட்டை விட்டே போயிருப்பான்.

"ஏன்டி, டிபன் கடை வச்சிருக்கிற வீட்ல தெனமும் உப்புமாவா? மாவு கீவு இருக்கா?" என்று கேட்டேன்.

போனில் அவளுக்குப் பின்னால் பாத்திரம் உருளுகிற ஓசை கேட்டது. அவள் மாமியார் யாரிடமோ பேசுவதும் கேட்டது. பிறகு மகள், "எல்லாம் நெறஞ்சிருக்கும்மா" என்றாள். "சரிம்மா, வச்சிர்றேன்" என்று வைத்தும்விட்டாள்.

நான் கரண்டியோடு நின்றேன். வேறு எந்த அம்மாவாக இருந்தாலும் இதைக் கேட்டுக் குளிர்ந்துபோயிருப்பாள். என்னால் முடியவில்லை. அந்தச் சொல்லுக்கு எங்கள் வீட்டில் என்ன அர்த்தம் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பக்கத்தில் நிற்கிற மாமியாருக்குத் தெரியாது. ஒன்றுமில்லை என்று அவர்கள் காது கேட்கவே என்னிடம் சொல்கிறாளோ என்று நினைத்தேன்.

வீட்டுக்காரர் கமிஷன் கடையிலிருந்து வந்ததும் சொன்னேன். அவர் தட்டிலிருந்த உப்புமாக் கட்டியை உடைத்துக்கொண்டே கேட்டார்.

"நெறஞ்சிருக்குன்னுதானே சொல்றா. சந்தோசப்படு."

"நம்ம வீட்டு நெறஞ்சிருக்கா, ஊரு உலகத்து நெறஞ்சிருக்கா? அத நீங்க சொல்லுங்க."

"அது எப்புடி எனக்குத் தெரியும்? போன் பண்ணிக் கேளு."

"மாமியா பக்கத்துல நிக்கிறப்ப என்னத்தக் கேக்குறது?"

"அப்ப சும்மா இரு. நீயா ஒண்ண நெனச்சுக்கிட்டு அங்க போயி வாயக் கொடுத்துட்டு வராத."

சும்மா இருக்க முடியவில்லை. மறுநாள் பூ பறிக்கும்போதும் அதே நினைப்பு. மொட்டோடு சேர்த்து இலையையும் கிள்ளிப் போட்டேன். அவள் பசியோடு இருக்கிறாளா, அடிக்கிறார்களா, அழுகிறாளா என்று மனசு அதுபாட்டுக்கு ஓடியது. போன் பண்ணினால் "நல்லா இருக்கேன்மா" என்பாள். நான் வளர்த்த பிள்ளை அப்படித்தான் சொல்லும். கடைசியில் கொல்லையில் பழுத்திருந்த பலாப்பழத்தை ஒரு சாக்கில் கட்டிக்கொண்டு கிளம்பினேன். மகள் வீட்டுக்கு வெறுங்கையோடு போனால் 'எதுக்கு வந்தாள்?' என்பார்கள். பலாப்பழத்தோடு போனால் யாரும் கேட்க மாட்டார்கள்.

புதுக்கோட்டை வந்து பஸ் மாறி, இலுப்பூர் வழியாகப் போய் இறங்குவதற்குள் பேச வேண்டியதையெல்லாம் மனசுக்குள் பேசி முடித்திருந்தேன். கேள்விகளை வரிசையாக அடுக்கி வைத்திருந்தேன். ஒன்றும் சரியாக இல்லையென்றால் அவளைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிடுவது என்று முடிவு பண்ணியிருந்தேன். வீட்டுக்காரரிடம் அதைச் சொல்லவில்லை.

கடையை நெருங்கும்போதே பார்த்துவிட்டேன். நைட்டியின் மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு, கடைக்குப் பக்கவாட்டில் குழாயடியில் உட்கார்ந்து, தன் இடுப்பளவு வாய் அகன்ற ஒரு சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள் என் மகள். சட்டியின் அடியில் உப்புமா காந்தல். முழங்கையில் ஆவி பட்டுச் சிவந்து தோல் உரிந்த புண். கன்னம் ஒட்டியிருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்தாள். சிரித்துக்கொண்டுதான் எழுந்தாள். எனக்கு அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் ஆத்திரம் வந்தது.

"வாங்க சம்மந்தி, வாங்க! ஒரு போன் பண்ணக்கூடாதா?" என்று அவள் மாமியார் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். நடக்கும்போது ஒரு கால் மடங்கவில்லை. பலாப்பழத்தை வாங்கிக்கொள்ளக் குனிய முடியாமல் கடைப்பக்கம் பார்த்துக் கத்தினார். "இந்தாங்க, சம்மந்தி வந்திருக்காக! ரெண்டு காபி குடுத்து விடுங்க! உள்ள பால் இல்ல, சீனியும் இல்ல!"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்தம்மா வாயைத் திறந்தால் 'இல்ல' தான். இஞ்சி இல்ல, டீத்தூள் இல்ல, சில்லறை இல்ல, ஆள் இல்ல. நான் உட்கார்ந்திருந்த கொஞ்ச நேரத்துக்குள் எங்கள் வீட்டில் ஒரு வருடத்துக்குச் சொல்லாததையெல்லாம் சொல்லி முடித்துவிட்டார்.

தண்ணீர் குடிக்கிற சாக்கில் அடுப்படிக்குள் போனேன். போய் ஒவ்வொரு மூடியாகத் திறந்து பார்த்தேன். மானம் மரியாதை உள்ளவள் செய்கிற காரியமில்லை. செய்தேன். அரிசி மூட்டை பிரிக்காமல் நின்றது. ரவை டிரம்மில் விளிம்பு வரை இருந்தது. பருப்பு, எண்ணெய், புளி எல்லாம் கடைக்குச் சேர்த்து வாங்கிப் போட்டவை. ஃபிரிஜ்ஜைத் திறந்தேன். இரண்டு தூக்கு நிறைய இட்லி மாவு பொங்கி நின்றது. நிறைந்துதான் இருந்தது. ஊரு உலகம் சொல்கிற அர்த்தத்திலேயே நிறைந்திருந்தது.

எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. சொன்னால் தப்பாகத் தெரியும், எனக்கு ஏமாற்றமாக இருந்தது. டப்பாக்கள் காலியாக இருந்திருந்தால் நேராகப் போய்க் கேட்டிருப்பேன், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்திருப்பேன், ஊரும் சரியென்றுதான் சொல்லியிருக்கும். எல்லாம் இருக்கிற வீட்டிலிருந்து என்ன சொல்லிக் கூட்டிவருவது?

அதற்காக விட்டுவிடவில்லை. வெளியே வந்து கேட்டேன். "பொண்ணு கடைப்பக்கமே வரவேண்டாம்னு சொன்னீங்களே சம்மந்தி."

அந்தம்மா மறுப்பார், குரலை உயர்த்துவார், நானும் உயர்த்தலாம் என்று காத்திருந்தேன். அவர் நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார். காலை நீட்டிக்கொண்டார்.

"சொன்னோம் சம்மந்தி. இல்லைங்கல. ஊருக்குப் போறேன்னு போன மாஸ்டர் திரும்ப வரல. வேற ஆள் கெடைக்கல. எல்லாரும் கம்பெனிக்குப் போயிர்றாக. பழையபடி நாந்தான் கிண்டுனேன். ஒரு நாள் முட்டி மடங்கி சட்டி மேலயே சாஞ்சுட்டேன். மறுநாள் விடியக்காலம் ஒங்க மக எந்திரிச்சு வந்து என் கையில இருந்த கரண்டியப் புடுங்கிக்கிட்டா. நான் வேணாம்னு சொல்லல. சொல்லியிருக்கணும். முடியல."

நான் பஸ்ஸில் அடுக்கி வைத்திருந்ததெல்லாம் அப்படியே சரிந்துவிட்டது. இப்படி ஒத்துக்கொள்கிறவர்களிடம் எப்படிச் சண்டை போடுவது? அந்தம்மா பொய் சொல்லவில்லை என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. காலம் முழுக்க அடுப்படியில் நின்றவளின் முகத்தை நான் கண்ணாடியில் பார்த்திருக்கிறேன். காபி வந்தது. இரண்டு பேரும் குடித்தோம்.

கடைசி பஸ்ஸைப் பிடித்துத் திரும்பிவிடத்தான் நினைத்திருந்தேன். பெண் கொடுத்த வீட்டில் அம்மாக்காரி தங்குவது எங்கள் பக்கம் பழக்கமில்லை. ஒரு வாய் சாப்பிடலாம், கிளம்பிவிட வேண்டும். சம்பந்தியம்மா விடவில்லை. "பலாப்பழத்த யாரு வெட்டுறது? எனக்கு முடியாது, அவளுக்குத் தெரியாது. இருந்து வெட்டிக் குடுத்துட்டுப் போங்க" என்றார். கையில் எண்ணெயைத் தடவிக்கொண்டு நான் சுளை எடுக்க, மகள் கொட்டையை நீக்கினாள். ஓட்டின் மேல் மயில் நடக்கிற சத்தம் கேட்டது.

"எந்த அர்த்தத்துலடி சொன்ன?" என்றேன்.

"எத?"

"நெறஞ்சிருக்குன்னியே. போன்ல."

அவள் ஒரு சுளையைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தாள். மழுப்புகிறாளோ என்று முகத்தையே பார்த்தேன். இல்லை, உண்மையாகவே யோசித்தாள்.

"எனக்கே தெரியலம்மா. வாயில வந்துருச்சு."

"பசிக்குப் போடுறாகல்ல?"

"ஐயோ, போடுறதுக்கு என்ன. கடையில மிஞ்சுறதே வேண்டியமட்டும் இருக்கு. அந்த உப்புமாதான் தெனமும் திங்கிறேன். நான் கிண்டுனத நானே திங்கணும்னா பிடிக்க மாட்டேங்குது."

"அசதியா இருக்காடி?"

"ஆமாம்மா" என்றாள். "ரொம்ப." சொல்லிவிட்டு அடுத்த சுளையை எடுத்தாள்.

மறுநாள் அவளை எழுப்ப வேண்டாம் என்று நினைத்து நான் எழுந்து கடைக்குப் போனேன். பூக்கொல்லைக்கு எழுந்து பழகிய உடம்பு, அதற்கு அலாரம் தேவையில்லை. போனால் அங்கே சம்பந்தியம்மா ஸ்டூலில் உட்கார்ந்து வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். அவருக்கும் அதே யோசனை போலிருக்கிறது. "அவ தூங்கட்டும்" என்றார். நான் சட்டியை அடுப்பில் ஏற்றினேன்.

வீட்டில் மூன்று பேருக்குக் கிண்டுகிறவளுக்கு அந்தச் சட்டி பிடிபடவில்லை. ரவையை ஒரு கையால் தூவ முடியாது. முறத்தில் அள்ளி ஒருவர் சரிக்க இன்னொருவர் கிண்ட வேண்டும். சம்பந்தியம்மா உட்கார்ந்தபடியே சரித்தார். கரண்டியின் காம்பு மண்வெட்டிக் காம்பு நீளம். நாலு சுற்றுக்குள் என் தோள்பட்டை கழன்றது. இதைத்தான் என் பிள்ளை தினமும் செய்துவிட்டு, கை கழுவிக்கொண்டு வந்து, எழுந்தாயாம்மா குளித்தாயாம்மா என்று என்னோடு பேசியிருக்கிறாள். எனக்கு அழுகை வந்தது. ஆவி என்று துடைத்துக்கொண்டேன். சம்பந்தியம்மா பார்த்தார், அடுத்த முறம் ரவையைச் சரித்தார்.

கம்பெனி வேன்கள் வந்தன. லாரிக்காரர்கள் வந்தார்கள். யாரும் "உப்புமாவா?" என்று கேட்கவில்லை. கொடுத்ததைச் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். வேலையில் ஒரு மூச்சு விட்டபோது, "நாலு நாளைக்கு மகளக் கூட்டிட்டுப் போகட்டுமா சம்மந்தி?" என்று கேட்டேன்.

"தாராளமா கூட்டிட்டுப் போங்க. நாங்க எப்புடியாச்சும் பாத்துக்கிறோம்" என்றார். சொல்லும்போதே அவர் கை, அவரை அறியாமல், கால் முட்டியைத் தடவிக்கொண்டது.

மகள் எழுந்து வந்தபோது வெயில் கடைக்குள் வந்திருந்தது. கலைந்த தலையோடு, பதறிப்போய் ஓடிவந்தாள். எல்லாம் முடிந்துவிட்டதைப் பார்த்ததும் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றாள். ஆட்கள் சாப்பிடுகிற பெஞ்சிலேயே அவளை உட்கார வைத்து இலையில் உப்புமாவும் சட்னியும் வைத்தேன். தான் கிண்டாத உப்புமா என்பதால் நன்றாகச் சாப்பிட்டாள். பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன்.

"நாலு நாளைக்கு நம்ம வீட்டுக்கு வாடி. ஒன் மாமியாகிட்டக் கேட்டுட்டேன். சரின்னுட்டாக."

"நாலு நாள் கழிச்சு?"

"அப்புறம் வந்துக்க."

"நான் வந்துட்டா அத்தைதான் கிண்டணும். அந்த முட்டியோட."

"அது அவுக பாடு. நான் ஒன்னையத்தான் பாக்க முடியும். ஒன்னைய இப்புடிப் போட்டு வதைக்கிறதுக்கா கட்டிக்குடுத்தேன்?"

அவள் இலையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. சின்ன வயதில் சந்தேகம் கேட்பாளே, அப்படித்தான் கேட்டாள்.

"ஒன்னைய யாரும்மா வந்து கூட்டிட்டுப் போனாங்க?"

யோசித்துப் பார்த்தேன். அவளைப் பெறுவதற்கும் அவள் தம்பியைப் பெறுவதற்கும் என் அம்மா வந்து கூட்டிக்கொண்டு போனார். அதுவும் முறை என்பதால். அசதியாக இருக்கிறாளே என்று ஒருவரும் வந்ததில்லை. அசதி என்று நானும் யாரிடமும் சொன்னதில்லை. எங்கள் வீட்டில் சொல்லக்கூடாத சொற்களில் அதுவும் ஒன்றாகத்தான் இருந்திருக்கிறது.

"யாரும் வரலடி" என்றேன்.

அவள் கையைக் கழுவிவிட்டு வந்தாள். என் தோளில் கிடந்த கரித்துணியை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டாள்.

"அப்ப நீ இங்க இரு. ரெண்டு நாள் இரு. நாளைக்கு நான் கிண்டுறேன், நீ தூங்கு."

"நல்லா இருக்குடி. ஒன்னையக் கூட்டிட்டுப் போக வந்தவ இங்க படுத்துத் தூங்குறதா? ஊரு என்ன சொல்லும்?"

"சொல்லட்டும்" என்று உள்ளேயிருந்து சம்பந்தியம்மாவின் குரல் கேட்டது. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

வீட்டுக்காரருக்குப் போன் பண்ணி, நாளைக்கும் வரவில்லை என்றேன். மகள் எப்படி இருக்கிறாள் என்று கேட்டார். நேரில் சொல்கிறேன் என்றேன். கொஞ்சம் தயங்கிவிட்டு, "காலையில நாங்க என்ன சாப்பிடுறது?" என்றார். மாவு 'இல்லை', ரவை இருக்கிறது என்றேன். ரவை எங்கிட்டு இருக்கு என்றார். அந்த வீட்டில் பிறந்து வளர்ந்தவர் அவர். சொன்னேன். ஒன்றுக்கு எவ்வளவு தண்ணீர் என்று கேட்டார். அதையும் சொன்னேன். ரவையை முதலில் வறுக்க வேண்டும் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லாமல் வைத்துவிட்டேன்.

மறுநாள் காலையில் வழக்கம்போல் இருட்டில் முழிப்புத் தட்டியது. கடையில் மகளும் அவள் மாமனாரும் அடுப்பு பற்றவைக்கிற சத்தம் கேட்டது. எழுந்து உட்கார்ந்தேன். போய் ஒரு கை கொடுக்கலாமா என்று தோன்றியது. கால் தரையில் பட்டபோது, எதிர்க் கட்டிலில் படுத்திருந்த சம்பந்தியம்மா கண்ணைத் திறக்காமலே, "படுங்க சம்மந்தி" என்றார். படுத்தேன். தூக்கம் வராது என்று நினைத்துக்கொண்டுதான் படுத்தேன்.

கண் திறந்தபோது வெயில் என் காலில் விழுந்திருந்தது. எழுப்ப யாரும் வரவில்லை. கை காலை என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தேன். கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலின் மேல் ஒரு தட்டு வைத்து, அதன் மேல் இன்னொரு தட்டைக் கவிழ்த்து மூடியிருந்தது. எடுத்துப் பார்த்தேன். உப்புமா. ஓரத்தில் ஒரு பலாச்சுளை. எனக்கென்று ஒருவர் எடுத்து மூடி வைத்த பலகாரத்தைப் பிள்ளை பெற்றதற்குப் பிறகு நான் சாப்பிட்டதே இல்லை. ஆறியிருந்தது. உப்பு கொஞ்சம் கம்மி. தட்டை வழித்துச் சாப்பிட்டேன், உப்பு கம்மி என்று அவளிடம் சொல்லவில்லை.